தட்டில் செத்த மாப்பிள்ளை

பிப்ரவரி 3

டேய் தம்பி,

இனிமேல் எனக்குப் போன் பண்ணாதே. கோபத்தில் சொல்லவில்லை. உன் குரல் கேட்கிறது, என்ன சொல்கிறாய் என்றுதான் பிடிபடவில்லை. அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது. நேற்று நீ என்னவோ கேட்டாய், நானும் சிரித்துக்கொண்டே "ஆமா ஆமா" என்றேன். அப்புறம் உன் மாமா சொல்கிறார், "வலி தாங்க முடியலையா" என்று கேட்டாயாம்.

எல்லாம் ஊசி மருந்தின் வேலை. என் காலில் இருக்கிற கிருமி வேறு எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. மிச்சம் இருப்பது இது ஒன்றுதான், இது காதைத் தின்னும், சிறுநீரகத்தையும் கொஞ்சம் கடிக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார்கள். போன காது திரும்பி வராதாம். அதனால் இனி மெயில் எழுது. "எப்படி இருக்கே" என்று ஒற்றை வரி வேண்டாம், நீளமாக எழுது. நாள் முழுக்கப் படுத்துக்கிடக்கிறேன், படிக்கவாவது ஏதாவது வேண்டும்.

எத்தனையோ பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். என் பக்கத்து பிரேக் ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை. அன்றைக்கும் கைவிடவில்லை. ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த அந்தப் பெரிய மனிதர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தார், நான் பிரேக்கை மிதித்தேன், நாங்கள் இரண்டு பேரும் மிதித்த மிதியில் சுவர் ஜெயித்தது. வலது கால் எலும்பு வெளியே வந்தது, உள்ளே கம்பி வைத்தார்கள், கம்பியோடு கிருமியும் குடிவந்தது. மூன்று தடவை காலைத் திறந்து கழுவியாகிவிட்டது. கிருமிக்கு ஆஸ்பத்திரியில் ஏதோ நீளமான பெயர் சொல்கிறார்கள். நான் வீட்டோட மாப்பிள்ளை என்று வைத்திருக்கிறேன். வந்தான், உட்கார்ந்தான், என் உடம்பில் சாப்பிடுகிறான், யார் சொன்னாலும் கிளம்ப மாட்டேன் என்கிறான்.

எலும்பு டாக்டர் நேற்று ஒன்று சொன்னார். என் காதுக்குப் பக்கத்தில் வந்து நிதானமாகச் சொன்னார், அதனால் முழுசாகக் கேட்டது. "இது அடங்கலைன்னா முட்டிக்குக் கீழ எடுத்துடலாம்மா. முட்டி மிஞ்சிட்டா கவலைப்படாதீங்க, செயற்கைக் கால் வெச்சு நடக்கலாம், மாடி ஏறலாம், வண்டிகூட ஓட்டலாம்."

உன் சிபாரிசில் மாப்பிள்ளையை ஒரு குப்பியில் அடைத்து உன் ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். நன்றாக உபசரி.

அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

மாப்பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்தார். குப்பியில் ஒட்டியிருந்த நம்பரை யாரும் சொல்வதில்லை, இங்கேயும் அவருக்கு மாப்பிள்ளை என்றே பெயர் நின்றுவிட்டது. தப்பு என்னுடையதுதான், வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

தம்பி மருந்து கண்டுபிடிக்கிறான் என்று வார்டு முழுக்கச் சொல்லியிருக்கிறாய் என்று மாமா எழுதினார். அப்படிச் சொல்லாதே, அக்கா. கண்டுபிடிப்பது மெஷின். நான் வெறும் சமையல்காரன்.

கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிற ஒருத்தி எங்களிடம் இருக்கிறாள். மெஷின்காரி என்று கூப்பிடுவோம், அவளும் திரும்பிப் பார்ப்பாள். இதுவரை உலகத்தில் செய்த ஏராளமான மூலக்கூறுகளை, எது கிருமியைக் கொன்றது, எது கொல்லவில்லை என்ற விவரத்தோடு, அந்த மெஷினுக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு, இதுவரை யாரும் செய்யாத ஒன்றை அது புதிதாக வரையும். பழைய மருந்துகளின் சாயல் இருக்கக் கூடாது, மனித செல்லைத் தொடக் கூடாது, கிருமி சாக வேண்டும் என்று மெஷின்காரி கேட்பாள். நான் போய்க் காபி எடுத்து வருவதற்குள் ஆயிரக்கணக்கில் வரைந்து வைத்திருக்கும்.

அங்கேதான் என் தொல்லை ஆரம்பிக்கிறது. பாதி ஸ்கிரீனில் மட்டும்தான் நிற்கும், குடுவையில் நிற்காது. இன்னும் கொஞ்சம், நான் ஆயுள் முழுக்க நின்று கிளறினாலும் செய்ய முடியாதவை. எல்லாம் கழித்து ஒரு கைப்பிடி மிஞ்சும். அதைச் செய்யப் போனால், வாரக்கணக்கில் மெனக்கெட்டபின் குடுவையின் அடியில் தார் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். கழுவவும் முடியாது. போன வாரம் அப்படி ஒரு குடுவையை உடைத்துத்தான் போட்டேன். செய்து முடித்தவற்றில் கிருமியைக் கொல்வது அபூர்வம். மெஷினுக்குக் களைப்பு கிடையாது. எனக்கு இருக்கிறது.

வரத்தான் நினைக்கிறேன். கையில் இருக்கிற வரிசை முடியட்டும். மாப்பிள்ளையையும் அதில் சேர்த்திருக்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 27

டேய்,

சமையல்காரனாம்! உன் சமையலைச் சாப்பிட்டுப் பார்த்தவள் நான். மாப்பிள்ளை அதிலேயே சாகட்டும்.

நீ வருவதாக எழுதியதைப் படித்துச் சிரித்தேன். வரிசை முடியட்டும், இந்த மாதம் போகட்டும், மழை விடட்டும் என்று நீ சொல்லாத சாக்கு இல்லை. உனக்கு ஆஸ்பத்திரி வாசனை ஆகாது, எனக்குத் தெரியாதா? அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது வராந்தாவில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவன்தானே.

மார்ச் 18 என்று நாள் குறித்துவிட்டார்கள். முட்டிக்குக் கீழே, நாலு விரல் விட்டு. டாக்டர் என் காலில் பேனாவால் கோடு போட்டே காட்டினார். நான் தலையாட்டினேன். அவர் போனபிறகு அந்தக் கோட்டை ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை.

என் படுக்கைக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே ஒரு வளைவு. ஒரு பயலும் இண்டிகேட்டர் போடுவதில்லை. எவனாவது வேகமாக வந்து திரும்பினால் என் வலது பாதம் தானாகப் போய்க் கட்டில் கம்பியை மிதிக்கிறது. மிதித்தால் உயிர் போகிற வலி. ஆனாலும் மிதிக்கிறது. இத்தனை வருஷமும் அந்தப் பாதத்தை வைத்துத்தான் சாப்பிட்டேன், ஊரான் பிள்ளைகளைச் சாகாமல் பார்த்துக்கொண்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. உன் மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவரையும் நான்தான் தேற்ற வேண்டும்.

அக்கா


மார்ச் 9

அக்கா,

முதலில் படத்தைப் பார். பார்த்துவிட்டு மேலே படி.

இது நாங்கள் கிருமி வளர்க்கிற தட்டு. அதில் முழுக்கப் பாலாடை மாதிரி படர்ந்திருப்பது மாப்பிள்ளை. வேறு யாரும் இல்லை, உன் காலிலிருந்து வந்த அதே ஆள். நடுவில் சின்னதாகக் காகிதப் பொட்டு தெரிகிறதா? அதில் நான் செய்த மருந்து இருக்கிறது. மெஷின் வரைந்ததில் நாற்பத்தொன்றாம் நம்பர். பொட்டைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி தெளிந்த ஒரு வட்டம் இருக்கிறதே, அங்கே அவன் இல்லை. செத்துவிட்டான்!

ஓரத்தில் இன்னொரு பொட்டு இருக்கும், அது உனக்குப் போடுகிற ஊசி மருந்து. அதன் வட்டத்தையும் நாற்பத்தொன்றின் வட்டத்தையும் பார். எது பெரிது? நீயே சொல்.

காலையில்தான் தட்டைத் திறந்து பார்த்தேன். யாரிடமும் சொல்வதற்கு முன்னால் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்தேன். முதலில் உனக்குத்தான் அனுப்புகிறேன்.

தம்பி


மார்ச் 11

என் செல்லமே,

பார்த்தேன், பார்த்தேன், இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். போனைத் திறந்தால் அந்தப் படம்தான் வருகிற மாதிரி உன் மாமா செய்து கொடுத்திருக்கிறார். நர்ஸுக்குக் காட்டினேன். தரை துடைக்க வருகிற அம்மாவுக்குக் காட்டினேன். அவள் தட்டைப் பார்த்துவிட்டு "இதுல எதுங்க மாப்பிள்ளை" என்று கேட்டாள். காட்டினேன். "அடப்பாவி" என்று அவனைத் திட்டிவிட்டுப் போனாள்.

எலும்பு டாக்டருக்கும் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "நல்லாருக்கும்மா. ஆனா இது தட்டு" என்றார். "தட்டுல சாகறவன் கால்ல சாக மாட்டானா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் நீளமாக ஏதோ சொன்னார், பாதிதான் காதில் விழுந்தது. திரும்பச் சொல்லச் சொல்லவில்லை.

பதினெட்டாம் தேதி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் தம்பி மருந்து செய்கிறான், அது வரைக்கும் இந்த ஊசியிலேயே ஓட்டிக்கொள்கிறேன் என்று எழுதியும் கொடுத்துவிட்டேன். மீதிக் காதும் போனால் போகட்டும். காது கேட்காமல் வண்டி ஓட்டலாம்.

வீட்டோட மாப்பிள்ளைக்குக் கெடு வைத்த முதல் ஆள் நீதான்.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நாளைத் தள்ளிவிட்டாய் என்று படித்ததும் கொஞ்சம் பகீர் என்றது. அதாவது, தப்பு என்று சொல்லவில்லை. நீ யோசிக்காமல் எதுவும் செய்ய மாட்டாய்.

இன்னும் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. அடுத்தது எலி. எலி தேறினால் பெரிய பிராணிகள், அதற்கப்புறம்தான் மனிதர்கள், அதெல்லாம் சாதாரணமாக வருஷக்கணக்கு. வேறு வழியே இல்லாதவர்களுக்கு விசேஷ அனுமதி வாங்கிக் கொடுப்பதும் உண்டு என்று கேள்வி, அதையும் விசாரிக்கிறேன். எங்கள் மேடம் என்னைக் கூப்பிட்டுத் திட்டினார். யாருடைய கிருமி என்று தெரிந்த ஆள் அதைக் கையால் தொடக் கூடாதாம், படம் எடுத்து அனுப்பியது அதைவிடப் பெரிய தப்பாம். இனி மாப்பிள்ளையை இன்னொருத்தர்தான் பார்ப்பார்.

டாக்டர் சொல்வதையும் கேட்டுக்கொள். அவருக்கும் அனுபவம் இருக்கிறது.

ஆனால் வட்டம் நிஜம், அக்கா. இரண்டாம் தடவையும் வந்தது.

தம்பி


ஏப்ரல் 21

டேய் தம்பி,

உன்னிடமிருந்து மெயிலே இல்லை. இரண்டு தடவை எழுதினேன், இரண்டுக்கும் பதில் இல்லை. மாமாவுக்கு மட்டும் "வேலை அதிகம்" என்று அனுப்புகிறாயாம்.

இடது காது முழுசாகப் போய்விட்டது. வலதில் கொஞ்சம் மிச்சம். உன் மாமா எதைச் சொன்னாலும் கத்திச் சொல்கிறார், நான் சண்டை போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு திருப்பிக் கத்துகிறேன். நர்ஸ் ஓடி வருகிறாள். சாயங்காலமானால் காய்ச்சல். முட்டி கொஞ்சம் வீங்கியிருக்கிறது. படுத்தே கிடப்பதால் இருக்கும் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். டாக்டர் அந்த வீக்கத்தைத் தினம் இரண்டு தடவை வந்து தொட்டுப் பார்க்கிறார், முகத்தில் எதையும் காட்டுவதில்லை.

உன் மருந்து எந்த மட்டில் இருக்கிறது? எலி பிழைத்ததா? எதுவாக இருந்தாலும் எழுது. பாஸா ஃபெயிலா என்று தெரியாமல் டெஸ்ட் முடித்துவிட்டு நிற்கிறவர்களின் மூஞ்சியை எத்தனையோ பார்த்திருக்கிறேன். இப்போது எனக்கு அந்த மூஞ்சி.

அக்கா


மே 2

அக்கா,

நாற்பத்தொன்று உதவாது. காலை எடுத்துவிடச் சொல். நாளைக்கே என்றாலும் சரி, சொல்லிவிடு. எனக்காகவோ மருந்துக்காகவோ இனி ஒரு நாளும் காத்திருக்காதே.

மாப்பிள்ளையை உள்ளே விட்ட எலிகள் பிழைக்கவில்லை. மருந்து போட்டதும் போடாததும் ஒன்றாகவே செத்தன. ஏன் என்று தேடினோம். தட்டில் ரத்தம் இல்லை, அக்கா. ரத்தத்தில் ஓடுகிற புரதத்தைக் கண்டதும் நாற்பத்தொன்று அதோடு ஒட்டிக்கொள்கிறது. அங்கேயே மாட்டிக்கொண்டு கிருமியிடம் போய்ச் சேருவதே இல்லை. தட்டிலேயே கொஞ்சம் ரத்தநீர் கலந்து திரும்பச் செய்து பார்த்தார்கள். வட்டம் வரவில்லை. நான் நம்பாமல் இன்னொரு தடவை செய்யச் சொன்னேன். அப்போதும் வரவில்லை.

மெஷினைக் குறை சொல்ல முடியாது. கிருமியைக் கொல்கிற ஒன்றைக் கேட்டோம், வரைந்து கொடுத்தது. அது படித்ததெல்லாம் தட்டுகள். உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்பதைப் படிக்கக் கொடுக்க எங்களிடமே கொஞ்சம்தான் இருந்தது. கேட்காததை அது எப்படிச் செய்யும்?

விசேஷ அனுமதி பற்றியும் விசாரித்தேன். எலியையே காப்பாற்றாத மருந்துக்கு யாரும் அனுமதி தர மாட்டார்கள், தரவும் கூடாது.

இன்னும் ஏதாவது மாற்றிச் செய்துபார்க்க முடியுமா என்று இத்தனை நாளும் தேடினேன். அதனால்தான் எழுதவில்லை. முடியவில்லை.

தம்பி


மே 4

தட்டில் ரத்தம் இல்லை என்பது உனக்கு மார்ச் மாதம் தெரியாதா?

சீழ் முட்டிக்குள் போய்விட்டது. காலையில் ஊசி விட்டு உறிஞ்சி எடுத்து என் கண் முன்னால் காட்டினார்கள். இனி முட்டி கிடையாது. தொடையில் பாதி.

மாப்பிள்ளையை அடிக்க ஆள் அனுப்பினாய். அந்த ஆள் வாசலிலேயே சம்பந்தியோடு உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டிருந்திருக்கிறான். அதை என்னிடம் வந்து சொல்ல உனக்கு மே மாதம் ஆகியிருக்கிறது.

எழுதாதே.


மே 13

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

ஆபரேஷன் அன்றைக்கு வந்தேன். மாமா சொல்லியிருப்பார். சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டு போகும்போது நீ என்னைப் பார்த்தாய், பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாய். மறுநாளும் வந்தேன். மாமா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து "தூங்கறா மாப்ளே" என்றார். சொன்னபிறகு அந்த வார்த்தையைச் சொன்னதற்காக அவரே முகம் சுருங்கிப் போனார். நீ தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். போர்வையின் ஒரு பக்கம் மேடாக இருந்தது, ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகிவிட்டது.

இந்தத் தடவை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

தம்பி


ஜூன் 6

அக்கா,

புண் ஆறுகிறது, காய்ச்சல் இல்லை, ஊசியை நிறுத்திவிட்டார்கள் என்று மாமா எழுதினார். உன் உடம்பில் அவன் இல்லை என்று ரத்தத்தைச் சோதித்துச் சொல்லிவிட்டார்களாம். ஆய்வகக் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அவன் இங்கே ஃப்ரீசரில் இருக்கிறான். உன் காலில் குடியிருந்தவனை இங்கே உறையவைத்துப் பத்திரமாகப் பாதுகாக்கிறார்கள். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் குப்பி கண்ணில் படுகிறது. கொட்டிவிடலாமா என்று ஒரு நாள் தோன்றியது. கொட்டினால் இவனைக் கொல்லத் தெரிந்த மருந்து ஒருநாளும் வராது என்பதால் மூடி வைத்தேன்.

வேலை அப்படியேதான் இருக்கிறது. மெஷின் வரைகிறது, நான் கிளறுகிறேன், தார் வருகிறது.

நீ படிக்கிறாயா என்று தெரியவில்லை. மெயில் போய்ச் சேருகிறது என்று மட்டும் காட்டுகிறது.

தம்பி


ஜூலை 19

டேய் தம்பி,

சின்ன வயதிலிருந்தே உனக்குச் சொன்ன பேச்சு ஏறாது. எழுதாதே என்றால் எழுதுகிறாய், எழுது என்று கெஞ்சினபோது எழுதவில்லை. எல்லாவற்றையும் படித்தேன்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். கூடத்திலேயே கட்டில். கழிப்பறைக்கு எட்டு எட்டு வைக்கிற தூரம், ஊன்றுகோலோடு அது ஒரு பயணம். இல்லாத பாதம் அரிக்கிறது. எங்கே சொறிவது? தெருவில் வண்டி சத்தம் எனக்குக் கேட்பதில்லை, ஆனால் ஜன்னலில் வேகமாக ஏதாவது கடந்தால் போதும், இல்லாத கால் பிரேக்கை மிதிக்கிறது. கட்டில் கம்பியில் இடிக்காததால் இப்போது வலியில்லை. அது ஒன்றுதான் லாபம்.

டிரைவிங் ஸ்கூல் முதலாளி வந்து பார்த்தார். நல்ல மனிதர்தான். வேலை காத்திருக்கிறது, உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றார். என்ன வேலை என்று கேட்டேன். எழுதிக் காட்டினார். போன் எடுக்கிற வேலையாம்! எழுதி முடித்தபிறகுதான் அவருக்கே உறைத்தது. நான் சிரித்தேன். ஆபரேஷனுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் முதல் தடவை சிரித்தேன்.

கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. காலையில் இருப்பதில்லை. கழிப்பறைக்குக் கிளம்பும்போது வருகிறது. முட்டி இருந்திருந்தால் இந்நேரம் ஊன்றுகோலைத் தூக்கிப் போட்டிருப்பேன் என்று, நடக்கப் பழக்க வருகிற பிசியோகாரர் ஒருநாள் தெரியாமல் சொல்லிவிட்டார். அன்றைக்கு உன்னை வைத வசவு உனக்குக் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் படுத்துக்கொண்டு யோசித்ததில் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். படம் அனுப்பியது நீ, நாளைத் தள்ளியது நான். டாக்டர் அன்றைக்கு நீளமாகச் சொன்னாரே, அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லியிருக்கலாம். காது கேட்கவில்லை என்பது நிஜம். கேட்கவே வேண்டாம் என்று இருந்ததும் நிஜம். நீ சந்தோஷத்தில் அனுப்பினாய் என்பது தெரிகிறது. அதனால் கால் வளர்ந்துவிடாது. தெரிகிறது, அவ்வளவுதான்.

உன் மெஷின்காரியிடம் ஒன்று சொல். ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று கேட்கச் சொல். எலும்புக்குள் போக வேண்டும் என்று கேட்கச் சொல். காதைத் தொடக் கூடாது, இதை முதல் வரியில் போடச் சொல். தட்டுக்கு மருந்து கேட்கிற மாதிரி கேட்காதீர்கள், படுத்துக்கிடக்கிற ஒருத்திக்குக் கேட்கிற மாதிரி கேளுங்கள்.

குப்பியைக் கொட்டிவிடாதே. என் காலைத் தின்றவன் அவன், சும்மா விட்டுவிடுவதா?

அக்கா


நவம்பர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எழுதலாமா வேண்டாமா என்று வாரக்கணக்கில் யோசித்துவிட்டேன். மேடத்திடம் கேட்டேன், இதற்கு முன்னால் கேட்காமல் செய்ததற்கும் சேர்த்து. "அவங்களுக்கு இனி காத்திருக்க ஒண்ணுமில்ல. நிதானமா எழுதுங்க" என்றார்.

நீ சொன்னதை மெஷின்காரியிடம் அப்படியே காட்டினேன். படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "உங்கக்கா கேக்கறதெல்லாம் நியாயம்தான். அதை மெஷினுக்குக் கத்துக்கொடுக்க விவரம் எங்க இருக்கு?" என்றாள். இல்லைதான். அதனால் விவரத்தை நாங்களே உண்டாக்கினோம். இத்தனை நாளும் தோற்றுப்போய் அலமாரியில் கிடந்த மூலக்கூறுகளை எல்லாம் வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் ரத்தநீரில் கலந்து, எது ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை என்று அளந்தோம். எலும்புத்தூளில் போட்டு அளந்தோம். மீன்குஞ்சின் உடம்பில், நம் காதுக்குள் இருப்பது மாதிரியே மெல்லிய மயிர் உள்ள செல்கள் உண்டு. அவற்றின் மேல் போட்டு எது அவற்றைக் கொல்கிறது என்று பார்த்தோம். இதைவிட அலுப்பான வேலையை நான் செய்ததில்லை. ஒரு வட்டமும் இல்லை, ஒரு படமும் இல்லை, வெறும் எண்கள். அத்தனையும் மெஷினுக்குப் பாடமாகப் போயின. நாற்பத்தொன்றும் அதில் ஒரு பாடம்.

பிறகு திரும்பக் கேட்டோம். முன்பு ஆயிரக்கணக்கில் கொடுத்தது, இந்தத் தடவை கொஞ்சமாகத்தான் கொடுத்தது. அதில், பழைய வரிசையின் தொடர்ச்சியாக இருநூற்றாறு என்று நம்பர் போட்ட ஒன்றை மட்டும்தான் என்னால் செய்ய முடிந்தது.

எலிகளின் எலும்பில் மாப்பிள்ளையை விட்டு, இருநூற்றாறைக் கொடுத்தார்கள். எந்த எலிக்கு என்ன கொடுத்தார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. முடிவு தெரிந்தபிறகுதான் சொன்னார்கள். மருந்து கொடுக்காத எலியின் எலும்பை அரைத்துத் தட்டில் தடவினால் தட்டு நிறைய அவன் முளைக்கிறான். மருந்து கொடுத்த எலியின் தட்டு வெறும் தட்டு. மீன்குஞ்சின் செல்களும் அப்படியே இருக்கின்றன.

அவசரமில்லாமல் சொல்கிறேன். இதுவும் விழலாம். மனிதர்களிடம் வர வருஷங்கள் ஆகும், வராமலே போகலாம். இதை யாரிடமும் காட்டி எந்தத் தேதியையும் தள்ளக் கூடாது.

படம் எடுத்தேன். அனுப்பவில்லை.

தம்பி


டிசம்பர் 1

டேய் தம்பி,

படித்தேன். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது. முதலில் அழுகைதான் வந்தது, நல்ல அழுகை இல்லை. மார்ச்சில் வந்திருக்கக் கூடாதா, இந்தச் சனியன் பிடித்த மருந்து மார்ச்சில் வந்திருக்கக் கூடாதா என்று தலையணையைக் குத்தினேன். உன் மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெயிலைப் படித்துவிட்டு என் தோளில் கை வைத்தார். கத்தாமல் அவர் செய்த ஒரே காரியம் அதுதான்.

மறுநாள் திரும்பப் படித்தேன். மீன்குஞ்சு பற்றிய வரியை மட்டும் பலமுறை படித்தேன். வேறு யாருக்காவது காது மிஞ்சும் என்றால் நல்லதுதான். அந்த யாரோ நான் இல்லை என்பதை ஜீரணிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும். ஆகட்டும்.

என் பக்கத்துச் செய்தி ஒன்று. மெக்கானிக் என் பக்கத்து பிரேக்கை இடது பக்கமாக நகர்த்தி வைத்துக் கொடுத்தார். போன வாரம் முதல் தடவை வண்டியில் ஏறினேன். படிக்க வந்தவள் சின்னப் பெண், அவளுக்கும் நடுக்கம், எனக்கும் நடுக்கம். கியர் அலறினால் எனக்குக் கேட்காது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். ஆனால் சீட்டில் அதிர்வு தெரிகிறது, அதிலேயே கண்டுபிடித்துத் திட்டிவிட்டேன். முதல் சந்திப்பில் குறுக்கே ஒருத்தன் வந்தான். இடது காலால் மிதித்தேன், வண்டி நின்றது. இல்லாத வலது காலும் கூடவே மிதித்தது. அது மிதிக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?

அடுத்த மாதம் வா. சாக்குச் சொல்லாதே. நீ ஓட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். உன் ஓட்டத்துக்கு என் இரண்டு காலும் வேண்டும், ஒன்றை வைத்துச் சமாளித்துப் பார்க்கிறேன்.

அந்த வெறும் தட்டின் படத்தை எனக்கு அனுப்பு. யாருக்கும் காட்ட மாட்டேன். என் மாப்பிள்ளை செத்ததை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும். பயப்படாமல் அனுப்பு, தள்ளிப்போட என்னிடம் இப்போது எதுவும் இல்லை.

அக்கா